டெனாரைப் பற்றிப் பேசவிட்டவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மணவாழ்க்கை முறிந்தவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஏன் இப்படி ஆச்சு? பேசிப் பார்த்தீங்களா? இனிமே என்ன செய்யப் போறே? என்னோடு சேர்ந்து புத்தகம் படித்த நீங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எந்த அத்தியாயத்தில் இருக்கே?" அதற்காகத்தான் இந்த மடல்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ நாவல் வரிசையை என் கையில் திணித்த தோழிக்கு முதல் நன்றி. தீவுகள், மந்திரவாதிகள், டிராகன்கள்... இந்த வயதில் இதையா படிப்பது என்று முனகிக்கொண்டேதான் திறந்தேன். 1968-இல் வந்த முதல் நாவலில் கெட் என்ற இளைஞன், சக மாணவனிடம் வீறாப்புக் காட்டப் போய் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது துரத்த, எங்கேயும் தங்க முடியாமல் ஓடுகிறான். கடைசியில் அவனே அதைத் தேடிக் கிளம்பும்போது, நண்பன் வெட்ச் தானாக வந்து படகில் ஏறிக்கொள்கிறான். மோத வேண்டியவன் கெட் மட்டும்தான் என்று தெரிந்தே ஏறுகிறான். அந்தப் பக்கங்களைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டியவள் அக்கா. நான் பாதியில் தூங்கிவிட்டாலும் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் போனை வைப்பாளாம். அத்தான் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது நாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெனாரை ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்து, மறுபிறவி எடுத்த பூசாரிணி என்று சொல்லி, நிலத்தடி இருட்டுக்குக் காவலாக வளர்க்கிறார்கள். பிறகு கெட் வருகிறான், இருவரும் தப்பிக்கிறார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கேயே கல்யாணம் செய்து வைத்திருப்பார்கள். இவரோ டெனாரை அழவிடுகிறார். விடுதலை கிடைத்துவிட்டது, அதனால்தான் அழுகிறாள், வீணாய்ப் போன வருடங்களை நினைத்து. தோழியின் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் "ஆமாம்" என்று ஒரே சொல். தோழியே, கையெழுத்து உன்னுடையதுதான். உன் விவாகரத்தின்போது நீ அழுததாக யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. "நீயாத்தானே வெளியே வந்தே, அப்புறம் ஏன் அழறே?" என்று உறவினர்கள் என்னைக் கேட்டபோது வாயடைத்து நின்றேன். பதில் அந்தப் பக்கத்தில் இருந்தது.

சேர்ந்து படித்த குழுவில் பெரிய சண்டை நான்காவது நாவலான ‘தெஹானு’வுக்குத்தான். 1972-இல் மூன்றாவது நாவல் வந்தபின், 18 ஆண்டுகள் கழித்து, 1990-இல் வெளிவந்தது. டெனார் இப்போது நடுத்தர வயது விதவை. தீயில் கருகிய ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கெட் மந்திர சக்தி முழுவதையும் இழந்து, ஆட்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்கிறான். அவர்கள் ஒன்றுசேர்வது அதற்குப் பிறகுதான். "டிராகன் எங்கே, சாகசம் எங்கே?" என்று சலித்துக்கொண்ட நண்பரே, அன்று உங்களிடம் நான் போட்ட சத்தம் எனக்கே புதிது. பல மாதங்களாக "ம்", "சரி" என்பதைத் தாண்டிப் பேசாதவள் நான். சண்டை போட்டதற்குத் தனி நன்றி. உங்கள் கருத்து தப்பு என்பதில் மாற்றமில்லை.

புத்தகமே துணை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; தனியாகப் படித்திருந்தால் இன்னும் ஒடுங்கித்தான் போயிருப்பேன். சாயங்காலங்கள் இப்போதும் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல வாய் வராத நாட்களில் டெனாரைப் பற்றிப் பேச முடிந்தது. யாரைச் சொல்கிறேன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட "இது உன் கதைதானே" என்று கேட்கவில்லை.

2001-இல் வந்த இரண்டு புத்தகங்கள் பாக்கி. அடுத்த வாரம் ஆரம்பிக்கிறோம், வாசிப்பது என் முறை. புதிதாக யார் வேண்டுமானாலும் சேரலாம். சொந்தக் கதை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அன்புடன்,
உங்கள் தோழி