பறிச்சது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழ்ல “காத்துச் சட்டத்தைக் காட்டி அட்லாண்டாவோட ரோடு பணத்தைப் பறிச்சுட்டாங்க”ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. ஒரே வரிதான், ரெண்டு நாளா மண்டையைக் குடையுது. 1998ல நான் இங்கதான் குப்பை கொட்டிக்கிட்டிருந்தேன், யாரும் எதையும் பறிக்கல சார்.

உங்களுக்குத் தெரியாததில்ல, அமெரிக்காவோட அந்தச் சுத்தமான காத்துச் சட்டப்படி (Clean Air Act) ரோடு பிளான் போட்டா அதுல ஓடப்போற வண்டிங்களோட புகை லிமிட்டுக்குள்ள நிக்கும்னு கணக்கு காட்டணும், கன்ஃபார்மிட்டின்னு பேரு. தரை மட்டத்துல ஓசோன் புகை லிமிட்டைத் தாண்டின அட்லாண்டாவுக்கு 1998 ஜனவரியில அந்தக் கணக்கு உதைச்சுது, 2000 ஜூலை வரைக்கும் புதுசா ரோட்டை அகலப்படுத்த ஃபெடரல் பணம் கிடைக்கல, ஆனா பஸ், ரயில், சேஃப்டி வேலைக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு. மாநிலம் காத்துக்கான பிளானை ஒழுங்கா குடுக்கலன்னா 24 மாசத்துல ஹைவே பணம் நிக்கிறது வேற தண்டனை. நீங்க ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிட்டீங்க. சட்டம் பஸ்ஸுக்கு வழி விட்டுச்சு, பஸ் விட்டாங்களா?

அட்லாண்டாவை ஒட்டின எங்க க்வினெட் கவுண்டில பொதுப் போக்குவரத்துக்கு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி கேட்டு 2019, 2020, 2024னு மூணு தடவை ஓட்டு, மூணும் தோத்துச்சு, 2020ல ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுல. எங்க ஜார்ஜியா மாநில அரசியலமைப்புல பெட்ரோல் வரி ரோடு, பாலத்துக்கு மட்டும்தான்னு எழுதி வச்சிருக்கு, இதைப் பறிப்புன்னு எந்தப் பத்திரிகையும் எழுதாது, உங்களோடதும் சேர்த்து.

எங்க பஸ் ஸ்டாப் புல்லுல நட்ட ஒரு கம்பம், அவ்வளவுதான். பெஞ்ச் கிடையாது, நடைபாதை கிடையாது, மழை பெஞ்சா ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் போட்ட ஒரு அம்மா சேத்துல இருந்து காலை உருவிக்கிட்டு நிப்பாங்க. சம்மர்ல ஓசோன் அலர்ட் வந்தா என் பொண்ணு ஸ்கூல் பையில டிபன் பாக்ஸுக்கு முன்னாடி இன்ஹேலர் போகும். அந்த சட்டமும் இல்லாம இருந்திருந்தா என்னாகியிருக்கும்னு அந்த வரி எழுதின தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அதே இதழ்ல புது காருக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, சந்தோஷம். போன வருஷம் இதே பஸ் விஷயமா நான் எழுதினதை மூணு வரியா நறுக்கிப் போட்டீங்க, அதுல பஸ்ஸே இல்ல.

பெரிசா ஒண்ணும் கேக்கல. “பணம் பறிக்கப்படல, ரோட்டை அகலப்படுத்த மட்டும் நின்னுச்சு”ன்னு ஒரு திருத்தம், எந்த மூலையில போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், க்வினெட்