பிரிக்காமல் வைத்திருக்கும் பொடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூலிகைப் பொடி வந்து சேர்ந்தது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை. உன் அக்கறையை மதிக்காததால் அல்ல. உறையின் மேல் 21 மூலிகைகள் என்று அச்சிட்டிருக்கிறார்களே தவிர, அவை எவை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எனக்கோ சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு; சிறுநீரகமும் பாதி தளர்ந்திருக்கிறது.

நான் தினமும் சாப்பிடும் டெல்மிசார்ட்டன் மாத்திரை இரத்த அழுத்தத்தை இறக்குவதோடு சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைக்கிறது. ஆனால் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் இயல்பும் அதற்கு உண்டு. பொட்டாசியம் மிகுந்த நோனிச் சாறு போன்ற ஒன்று அதனோடு சேர்ந்தால், தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போய், இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அதிமதுரமோ உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, மாத்திரை இறக்கிய அழுத்தத்தை மீண்டும் ஏற்றிவிடும்.

சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை என்பதை நான் மறுக்கவில்லை. என் அச்சமே அதுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, நான் சர்க்கரைக்குச் சாப்பிடும் கிளிமிப்ரைடு மாத்திரையின் வேகம் உடலில் நெடுநேரம் தங்கும். அதன்மேல் இவையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். சென்ற ஆண்டு, தெரிந்தவர் ஒருவர் சொன்ன கஷாயத்தை மருத்துவரிடம் சொல்லாமல் குடித்துவந்தேன். ஒரு விடியற்காலையில் உடலெல்லாம் வியர்த்து, கை நடுங்க விழித்தபோது சர்க்கரை அளக்கும் கருவி மிகத் தாழ்வாக 52 என்று காட்டியது. உன் அம்மா சர்க்கரை கரைத்துக் கொடுத்து, விடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். இதை உன்னிடம் மறைத்தது என் தவறு.

இன்னொன்றையும் நீ அறிய வேண்டும். பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகைகள் கலந்த மாத்திரைகளை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் விரைந்து செயலிழந்ததை மருத்துவர்கள் 1993இல் வெளியிட்டார்கள். அரிஸ்டோலோக்கியா என்னும் பேரினச் செடியின் நச்சு அமிலமே அதற்குக் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. நாம் ஆடுதீண்டாப்பாளை என்று அழைக்கும் செடியும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கும் ஒன்றை, பாதி தளர்ந்த சிறுநீரகம் எப்படித் தாங்கும்?

ஆகவே, பொடியில் என்னென்ன, எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதைத் தாவரவியல் பெயர்களோடு விற்றவரிடம் எழுதி வாங்கி அனுப்பு. ஈயமும் பாதரசமும் இல்லை என்று காட்டும் ஆய்வகச் சான்று உண்டா என்றும் கேள். அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளையும் பொடியையும் அவர் மேசைமேல் வைக்கிறேன். அவர் சம்மதித்தால் மட்டும் தொடங்கி, அவர் சொல்லும் நாளில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பரிசோதித்துக்கொள்வேன். சம்மதிக்காவிட்டால் நீ வருந்தாதே. எது எப்படியானாலும், இப்போதுள்ள மாத்திரைகளில் ஒன்றையும் நானாக நிறுத்த மாட்டேன்.

அன்புடன்,
அப்பா