பொருள்: வீட்டுக்குள் திறக்கும் மின்தூக்கியின் கதவுக் கட்டுப்பாடு பற்றிய புகார்

மதிப்பிற்குரிய பராமரிப்புப் பிரிவு மேலாளருக்கு,

கோலாலம்பூர், மோன்ட் கியாராவில் நீங்கள் மின்தூக்கி பொருத்திப் பராமரிக்கும் கொண்டோவில் 17-வது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் லிஃப்டுக்கு இரண்டு கதவுகள். பின்கதவு படிக்கட்டுப் பக்கம் பொதுநடையில் திறக்கும். முன்கதவு திறந்தால் நேரே எங்கள் வரவேற்பறை. இந்த வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுத்து இந்த வீட்டை வாங்கினோம்.

போன வெள்ளிக்கிழமை காலை, பத்துமலைக்குப் புறப்பட்ட அம்மா வீட்டுக்குள் இருக்கும் பொத்தானை அமுக்கினார். முன்கதவு திறந்தது. உள்ளே தலைக்கவசத்தோடு, காலிப் பையுடன் உணவு கொண்டுவரும் பையன் ஒருவர். 21-வது மாடியில் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாராம். "சாரி மக்சிக்" (மலாயில் 'ஆன்ட்டி') என்று மூலையில் ஒட்டிக்கொண்டார். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை; அம்மாவைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

உங்கள் தொழில்நுட்பர் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கார்டு வேலை செய்கிறது, சிஸ்டம் நார்மல்" என்றார். சரி, லிஃப்டுக்குள் தட்டும் அனுமதிக் கார்டு வேலை செய்கிறதுதான். ஆனால் கார்டைத் தட்டினால் மாடி எண் பொத்தான்களின் பூட்டு மட்டுமே திறக்கிறது. கீழே இறங்குகிறவருக்குக் கார்டே தேவையில்லை. வழியில் நாங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால், உள்ளே யார் இருந்தாலும் லிஃப்ட் நின்று எங்கள் வீட்டைத் திறந்து காட்டிவிடுகிறது.

வீட்டுப் பக்கக் கதவுக்குத் தனி மோட்டார் கிடையாது. லிஃப்டின் கூண்டு வந்து நின்று தன் கதவைத் திறக்கும்போது அதையும் சேர்த்து இழுக்கிறது. ஆகவே பூட்டு இருக்க வேண்டிய இடம் உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி. உங்கள் தொழில்நுட்பரோ, "உள்பக்கம் கிரில் போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொன்னார்! கதவு திறந்ததும் வெளியே வர முடியாமல் ஒருவர் கிரில்லுக்கு முன்னால் நின்றால் அவர் கதி என்ன?

இன்னொன்று. போன மாதம் மின்சாரம் போனபோது, பேட்டரியில் நகர்ந்த லிஃப்ட் பக்கத்து மாடியில் நின்று தானே கதவைத் திறந்தது. அந்தப் பக்கத்து மாடி எங்களுடையது, திறந்தது முன்கதவு. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆள் அதிகமானால் பீப் போட்டு நகர மறுக்கும் எடை உணரி ஏற்கெனவே கூண்டில் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து அழைப்பு வந்தால், கூண்டு காலி என்று அது சொன்ன பிறகே எங்கள் மாடிக்கு வரட்டும். ஆள் இருந்தால் முதலில் அவரை இறக்கிவிட்டு வரட்டும். இரண்டு நிமிடம் காத்திருக்க எங்களுக்கு ஒன்றும் கசக்காது. உள்ளே இருப்பவர் எங்கள் வீட்டுக் கார்டைத் தட்டினால் மட்டும் முன்கதவு திறக்கலாம். மின்தடை நேரத்தில் பின்கதவு மட்டும் திறக்க வேண்டும்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் வேண்டாம். பதில் இல்லையென்றால், கூண்டுக்குள் ஒட்டியிருக்கும் பி.எம்.ஏ. எண்ணை (லிஃப்டின் அரசுப் பதிவு எண்) குறிப்பிட்டு, லிஃப்டுகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசுத் துறையான ஜே.கே.கே.பி.க்கு எழுதுவேன். இக்கடிதத்தின் நகல் எங்கள் கட்டட நிர்வாகத்துக்கும் போகிறது.

அம்மா இப்போது அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. சமையலறை வழியாகப் பொதுநடைக்குப் போய் அங்கே நின்று லிஃப்டைக் கூப்பிடுகிறார்.

இப்படிக்கு,
17-வது மாடிக் குடியிருப்பாளர்