போர் விமானத்தைக் கம்பத்தில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் பணியிலிருந்து விடைபெற்றன. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி காரைக்குடி ரவுண்டானாவில் கம்பத்தின் மேல் நிறுத்தலாம் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். ஆசை நியாயமானதுதான். கம்பமும் ரவுண்டானாவும்தான் தப்பு.

விமானத்தின் உடல் பெரும்பாலும் துராலுமின், அதாவது செம்பு கலந்த அலுமினியம். செம்பு வலுவைக் கொடுக்கும். கூடவே அரிப்பையும் கூட்டிக்கொண்டு வரும். அதனால்தான் வெளித்தகட்டின் மேல் சுத்த அலுமினியத்தை மெல்லிசாக ஏற்றியிருப்பார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் அந்தக் காப்பு போய்விடும். இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் மழைத் தண்ணீர் தங்கினால் அலுமினியம்தான் கரையும். முதலில் ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் கனமான பாகங்கள் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து உப்பிவிடும். அந்த நிலைக்குப் போன பாகத்தைக் காப்பாற்ற வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கம்பத்தில் ஏற்றினால் இவை எதுவும் கண்ணில் படாது. வெள்ளைப் பொடியைத் தேட கிரேன் அமர்த்த யார் பணம் கொடுப்பார்கள்? சுதந்திர தினத்துக்கு முன்னால் ஒருவர் ஏணி வைத்து ஏறி, வெள்ளி நிற எனாமலை ஒரு கை அடித்துவிட்டு இறங்குவார். அந்தப் பெயின்ட்தான் விமானத்துக்கு எமன். வயிற்றுப் பக்கத்தில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்த சிறு துளைகளை அது அடைத்துவிடும். ஐப்பசி மழை உள்ளே தேங்கி நிற்கும். 'இங்கே மிதிக்காதே' போன்ற எச்சரிக்கை எழுத்துகளும் படைப்பிரிவு அடையாளமும் பெயின்டுக்கு அடியில் மறைந்துபோகும். பழைய பெயின்டைச் சுரண்டுகிறவருக்கும் ஆபத்து உண்டு. அடியில் இருக்கும் மஞ்சள்-பச்சை பிரைமர் பல விமானங்களில் துத்தநாக குரோமேட். அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். ஈரப்படுத்தாமல், முகக்கவசம் இல்லாமல் அதைத் தேய்க்கவே கூடாது.

செட்டிநாட்டுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. விசாகப்பட்டினத்தின் டியு-142 விமான அருங்காட்சியகம் கடற்கரையிலேயே இருக்கிறது. கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கும் கடல் பக்கம்தான். உப்புக் காற்றோடு அவர்களுக்கு ஓயாத சண்டை. நம் ஊரில் உப்பு குறைவு, வெயில்தான் அதிகம். வெயிலில் விமானி அறையின் அக்ரிலிக் மூடி மஞ்சளடித்து மெல்லிய வெடிப்பு விடும், டயர் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டுக்கும் மருந்து கூரைதான். மிக்-21 நீளம் சுமார் 15 மீட்டர், இறக்கை அகலம் 7.15 மீட்டர், உயரம் 4.1 மீட்டர். 20-க்கு 12 மீட்டரில், ஓரத்தில் 6 மீட்டர் உயரமுள்ள தகர ஷெட் போதும். ஆள் சுற்றி நடக்கவும் இடம் இருக்கும். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும், காற்று ஓட வேண்டும். ஷெட்டுக்குக் காசில்லை என்று தார்ப்பாய் போட்டு மூடுவது எல்லாவற்றிலும் மோசம். உள்ளே ஈரம் புழுங்கும், காற்றில் படபடத்தே பெயின்டை உரித்துவிடும். தரைக்குச் சாதாரண கான்கிரீட் போதும். பெருமைக்காக ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டாம். எண்ணெய்க் கறை ஏறினால் போகாது, ஜாக் வைத்தால் கல் வெடிக்கும்.

விமானத்தின் எடை டயரில் நிற்கக் கூடாது. ஜாக் வைப்பதற்கென்று குறித்திருக்கும் இடங்களில் மட்டும் இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, இடையில் ரப்பர் வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தூக்கி நிறுத்த வேண்டும். சக்கர வட்டு மெக்னீசியக் கலவையாக இருந்தால் மற்ற பாகங்களுக்கு முன்னால் அதுதான் பொடிந்துபோகும். காற்று புகும் வாயையும் பின்பக்கக் குழாயையும் கம்பி வலையால் மூடுங்கள். மைனாவும் அணிலும் ஒரே பருவத்தில் உள்ளே குடும்பம் நடத்திவிடும், எச்சம் உலோகத்தை அரிக்கும். மூக்கிலுள்ள, வேகம் அளக்கும் குழாயைக் குளவி மண் வைத்து அடைக்கும், அதற்கு ஓர் உறை போதும். கழுவ மென்மையான தண்ணீர், காரமில்லாத சோப்பு, பருத்தித் துணி. போர்வெல் உப்புத் தண்ணீர் கூடாது. அக்ரிலிக் மூடியில் தின்னரோ அமோனியா கலந்த கண்ணாடித் திரவமோ பட்டால் அன்றோடு அது கெட்டது.

இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதை இன்னும் கிடக்கிறது. அங்கே ஒரு ஜெட்டை மட்டும் நிறுத்திவிட்டு, அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகும். நியூசிலாந்தின் பிளெனிம் நகரை ஒட்டியுள்ள ஒமாக்கா மையத்தில், முதல் உலகப்போர் விமானங்களைக் காட்சிகளாக அமைத்திருக்கிறார்கள். 1918 ஏப்ரல் 21-ல் வீழ்ந்த ஜெர்மன் போர் விமானி ரிக்தோஃபனின் மூவிறக்கை விமானம் தரையில் கிடக்கிறது. ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அதிலிருந்து நினைவுப் பொருளுக்காகத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நின்று பார்க்க வைப்பது அந்தச் சிப்பாய்களின் கைகள்தான். அங்குள்ள விமானங்களில் பல அசலே அல்ல, முழு அளவில் செய்த நகல்கள்.

நமக்கும் சொந்தமாக ஒரு காட்சி இருக்கிறது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன நகரத்தார் வீடுகளில் அந்த நாளை அறியாத குடும்பம் குறைவு. அடுத்த பிப்ரவரியில் மஜும்தார் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் லைசாண்டர் விமானங்களோடு பர்மாவின் டவுங்கூ போய் இறங்கியது. தரைப்படைக்கு வேவு பார்க்கச் செய்த விமானம் அது. அதில் 250 பவுண்டு குண்டு இரண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, தாய்லாந்திலிருந்த ஜப்பானியர் தளத்தைப் போய்த் தாக்கினார்கள். லைசாண்டரின் இறக்கை 15.24 மீட்டர், நீளம் 9.3 மீட்டர். அசலில் உலோகக் குழாய்ச் சட்டமும் மேலே பெரும்பாலும் துணியும். சக்கர உறையிலேயே விளக்கும் துப்பாக்கியும், அதன் பக்கத்தில் குண்டு தாங்கும் குட்டி இறக்கையும் இருக்கும். அசல் கிடைக்காது. ஆனால் முழு அளவு நகலைச் செய்ய நம் தச்சு ஆசாரிகளாலும் வெல்டிங் பட்டறைக்காரர்களாலும் முடியும். தரையில் செம்மண், குண்டைத் தூக்கி மாட்டும் இருவரின் உருவம், ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம். குண்டு வெடிக்கும் சத்தத்தை ஸ்பீக்கரில் போட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் காவலாளியே அணைத்துவிடுவார்.

முடிவெடுக்கும் முன் அதிகாரிகள் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். ஹேங்கருக்குள் லைசாண்டர், ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் நிற்கின்றன. வெளியே வெயிலில் நிற்பவையும் உண்டு. இரண்டு இடத்திலும் குனிந்து வயிற்றுப் பக்கத்தையும் டயரையும், பிறகு அக்ரிலிக் மூடியையும் பார்த்தால் கூரை ஏன் வேண்டும் என்பது விளங்கிவிடும். விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் பெங்களூரு அருங்காட்சியகம் நம் மாணவர்களுக்கு டெல்லியைவிடக் கிட்ட இருக்கிறது. ஜெர்மன் பொறியாளர் கர்ட் டாங்க் வடிவமைத்து 1961-ல் முதலில் பறந்த மாருத் போர் விமானம் அங்கே உண்டு.

விமானத்தைக் கையெழுத்திட்டு வாங்கும்போது மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையிலும் மூடியிலும் உள்ள வெடிமருந்து நீக்கப்பட்டதற்கான சான்று. எரிபொருளும் ஹைட்ராலிக் எண்ணெயும் வடிக்கப்பட்டு, அழுத்தக் கலன்கள் காலி செய்யப்பட்டதற்கான சான்று. ஜாக் புள்ளிகளும் எடையும் குறித்த வரைபடம். பழைய கருவி முகப்புகளில் இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சு இருந்ததுண்டு. அதையும் சோதித்து எழுதி வாங்க வேண்டும். முதல் தாள் வராமல் ஒரு பிள்ளையைக்கூட விமானி இருக்கையில் உட்காரவிடக் கூடாது.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்றோர் சிலர்,
காரைக்குடி.