கேவிங்ஸ் கண்டதும் வெயிட்டை ஏற்றாதீர்கள்

கிணற்றுத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் துளையிடல் மேலாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேசைக்கு வரும் புவிஇயக்கவியல் அறிக்கை, மட் வெயிட் (துளையை நிரப்பும் சேற்றின் அடர்த்தி) என்று ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெயிட் எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் சுவர் சரியும், எவ்வளவுக்கு மேலே ஏறினால் பாறை பிளக்கும், இரண்டிலும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

மேல்பாரம் (மேலுள்ள பாறையின் எடை தரும் தகைவு) அடர்த்தி லாக்கிலிருந்து, அதாவது துளைக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவிலிருந்து, கிடைத்துவிடும். அதில் தகராறு குறைவு. குறைந்தபட்சக் கிடைத் தகைவுக்கு லீக்-ஆஃப் டெஸ்ட் (பாறை சேற்றை உள்வாங்கத் தொடங்கும்வரை அழுத்தத்தை ஏற்றும் சோதனை) வேண்டும். ஃபார்மேஷன் இன்டெக்ரிட்டி டெஸ்ட் போதாது. குறித்த அழுத்தத்தைப் பாறை தாங்கியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதிகபட்சக் கிடைத் தகைவை நேராக அளக்க முடிவதில்லை. இமேஜ் லாக்கில் (துளைச் சுவரின் படப் பதிவு) தெரியும் பிரேக்அவுட்டின் (தகைவால் சுவர் உதிர்ந்த பகுதி) அகலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறோம்; பாறை வலிமை தவறினால் அதுவும் தவறும். கோர் (வெட்டியெடுத்த பாறை மாதிரி) சோதனையோடு ஒப்பிடாமல் சோனிக் லாக்கை (ஒலிவேகப் பதிவு) மட்டும் நம்பிய வலிமை என்றால் கேள்வி கேளுங்கள்.

3000 மீட்டர் ஆழத்தில் 1.40 எஸ்.ஜி. (தண்ணீரின் அடர்த்தியைப் போல் 1.40 மடங்கு) சேறு தரும் அழுத்தம் சுமார் 41 மெகாபாஸ்கல். பம்ப் ஓடும்போது இசிடி (சேறு ஓடும்போதுள்ள உராய்வையும் சேர்த்த அடர்த்தி) 0.05 கூடினால் மேலும் 1.5 மெகாபாஸ்கல். பம்ப் நின்றதும் அது போய்விடும். பைப்பை வேகமாக உருவினால் ஸ்வாப் (அப்போது ஏற்படும் உறிஞ்சல்) அழுத்தத்தை இன்னும் இறக்கும். நிலையழுத்தத்தை மட்டும் பார்த்து ஒப்புதல் தருவது இதனால்தான் ஆபத்து.

ஷேக்கரில் (மேலே வரும் சேற்றைச் சலிக்கும் சல்லடை) கேவிங்ஸ் (துளைச் சுவரிலிருந்து உதிர்ந்த பாறைத் துண்டுகள்) விழுந்தால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். முனைகள் கூரான, முகங்கள் ஒழுங்கற்ற துண்டுகள் என்றால் சுவர் வெட்டுண்டு சரிகிறது, வெயிட்டை ஏற்றலாம். நீண்டு மெலிந்த சிம்புகள் என்றால் நுண்துளை அழுத்தம் (பாறைத் துளைகளிலுள்ள திரவத்தின் அழுத்தம்) சேற்றின் அழுத்தத்தை மிஞ்சுகிறது. துளையிடும் வேகத்தைக் குறைத்து, வாயு அளவைக் கவனித்து ஏற்றுங்கள். இணையான முகங்களுள்ள தட்டைத் துண்டுகள்தான் பெரும்பாலோரை ஏமாற்றுபவை. அவை படிவுத் தளங்களிலிருந்தோ பழைய விரிசல்களிலிருந்தோ வருகின்றன. அங்கே வெயிட்டை ஏற்றினால் சேறு விரிசலுக்குள் புகுந்து, பிடித்துக்கொண்டிருந்த கல்லையும் கழற்றும். வெயிட்டை அப்படியே வைத்து, விரிசலை அடைக்கும் பொருளைச் சேறோடு கலந்து, பேக்-ரீமிங்கை (பைப்பைச் சுழற்றி, பம்பை ஓட்டியபடி மேலே இழுப்பது) இயன்றவரை தவிர்த்து, துளையைச் சுத்தமாக வைப்பதே வழி. கிணறு படிவுத் தளத்துக்கு ஏறக்குறைய இணையாகப் போகும் இடங்களில் இது அதிகம்; சாய்வையும் திசையையும் காகிதத்தில் இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள்.

உற்பத்தியால் அழுத்தம் இறங்கிய மணற்கல் இருந்தால், பழைய கிணற்றின் லீக்-ஆஃப் மதிப்பை அதற்கு அப்படியே எடுக்காதீர்கள். அதன் பிளவு எல்லையும் சேர்ந்தே இறங்கியிருக்கும். ஒட்டியுள்ள ஷேலுக்கோ (களிப்பாறை) பழைய வெயிட்தான் வேண்டும். இரண்டையும் ஒரே பிரிவில் துளைக்க இடமில்லை என்றால், இடையில் ஒரு கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) வைக்கப் பணம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு ஷூவிலும் (கேசிங்கின் அடிமுனை) கிடைக்கும் லீக்-ஆஃப் அளவு அன்றே மாடலில் ஏற வேண்டும். அதற்கென ரிக்கில் ஒருவரை நியமியுங்கள்.

இப்படிக்கு,
புவிஇயக்கவியல் பொறியாளர்கள்