அக்காவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
மார்ச் 8, 2026

அன்புள்ள அக்காவுக்கு,

ஈப்போ நகரத்து அலுவலகத்தில் நான் சேரப்போகும் வேலையைப் பற்றிப் போனில் பேச முடியவில்லை. உன் பக்கம் யாராவது ரவிக்கை அளவு கொடுக்க வந்துவிடுகிறார்கள், என் பக்கம் யாராவது கணக்குக் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். "வீட்டில் இருந்தபடியே வேலை வருகிறதே, இந்த வயதில் எதற்கு ஈப்போவுக்குப் போய் ஒருவரிடம் கைகட்டி நிற்கப் போகிறாய்" என்று கேட்டாய். அம்மாவும் அதையே சொல்கிறாள் என்றாய். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே நிலவரம் என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது.

நான் வந்த புதிதில் பாஸ்போர்ட்டில் கொடுத்தது நீண்டகால வருகை அனுமதி. மலேசியரைக் கட்டிக்கொண்டு வந்தாலும், வேலை செய்யக் குடிநுழைவுத் துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் பெரியவன் பிறந்தான், அப்புறம் சின்னவள். நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை கைக்கு வந்த பிறகுதான் டவுனில் உள்ள கடைகளுக்குக் கணக்கு எழுதத் தொடங்கினேன். மளிகைக்கடை, பூக்கடை, லாரி வைத்திருப்பவர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர் என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள்.

அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மளிகைக்கடைக்காரர் மாதக் கடைசியில் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து வைப்பார். திறந்தால் மசாலா வாடை. உள்ளே ரசீதுகள் சுருண்டு கிடக்கும். மெஷினில் அடித்த சீட்டுகள் சீக்கிரம் வெளுத்துவிடும், தொகை இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். இங்கே வரிக்கான ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, முதலில் படம் எடுத்துக்கொள்வேன். பிறகுதான் கணக்கு. மாத முடிவில் வங்கிக் கணக்கும் நான் எழுதியதும் ஒரு காசு பிசகாமல் நிற்கும்போது வருகிற நிம்மதி, மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தபோது வந்த அதே நிம்மதி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். இதையெல்லாம் நான் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் நேரம் என் கையில் இருக்கிறது என்று நீ நினைக்கிறாயே, அது சரியில்லை. கடையை மூடவே இரவு ஒன்பதரை ஆகும். அதற்கு மேல்தான் அவர்களுக்குக் கணக்கு ஞாபகம் வரும். தொழிலாளர் சேமநிதிப் பணத்தை (உங்கள் ஊர் பி.எஃப். மாதிரி) ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 14ஆம் தேதி இரவு எல்லோரும் ஒன்றாகக் கூப்பிடுவார்கள். சம்பளக்காரர்களின் வருமானவரிக்கு ஏப்ரல் 30, வியாபாரம் செய்பவர்களுக்கு ஜூன் 30. அந்த மாதங்களில் தூக்கம் இல்லை, மற்ற மாதங்களில் வரவு இல்லை. சீனப் பெருநாள் முடிந்து கடைகள் மந்தமாக இருக்கும்போது "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்பார்கள். அவர்கள் நிலை எனக்குத் தெரியும். அவர்களுடைய கணக்கை எழுதுகிறவளே நான்தானே, எந்த முகத்தோடு நெருக்குவது?

இன்வாய்ஸை மின்வழியில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறையை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து ஆரம்பித்தார்கள். படிப்படியாகச் சின்னக் கடைகளுக்கும் வரும், எனக்கு வேலை பெருகும் என்று நம்பி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். 2025 டிசம்பரில், ஆண்டு வியாபாரம் பத்து லட்சம் வெள்ளிக்குக் (ரிங்கிட்) கீழே இருந்தால் விலக்கு என்று அறிவித்துவிட்டார்கள். கடைக்காரர்களுக்கு நல்லது, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் கற்ற வித்தைக்கு இந்த டவுனில் இடம் இல்லாமல் போய்விட்டது. அந்த வேலை இப்போது ஈப்போ அலுவலகங்களில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மதுரையில் நான் பழகியது வாட் வரி. 2017இல் நீங்கள் ஜிஎஸ்டிக்கு மாறினீர்கள். இங்கே 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தது, 2018இல் அதை எடுத்துவிட்டு விற்பனை, சேவை வரியைக் கொண்டுவந்தார்கள். ஒரு வரி வந்து போன காலம் முழுவதும் நான் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தேன். அதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் இப்போது நான் எழுதுகிற கணக்கைச் சரிபார்க்க எனக்கு மேலே ஒருவர் இல்லை. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறேன். அறுபது வயது வரை இப்படியே போனால், தெரிந்ததும் பழசாகிவிடும்.

அத்தைதான் இதில் என்னைவிடத் தெளிவாக இருந்தார். அவர் பால்மரம் சீவியவர். இந்த ஊரைச் சுற்றி அப்போது ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் மங்குக் கிண்ணத்துக்குள் இறங்காமல் வழிந்து வீணாகிவிடும். அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. "மழை இருட்டினா எங்களுக்கு வயித்தைக் கலக்கும். உனக்குப் பெருநாள் மாசம் வந்தா கலக்குது. நீயும் அன்னாடக் கூலிதான் வாங்குற, காத்தாடிக்குக் கீழ உக்காந்து வாங்குற" என்றார். நாங்கள் இருக்கும் இந்தத் தமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, அத்தையும் மாமாவும் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. தோட்டத்து லய வீட்டிலிருந்து வெளியேறியபோது கையில் இருந்த ஒரே பணம் அதுதானாம். ஆண்டுதோறும் வந்த சேமநிதிக் கணக்குச் சீட்டுகளை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்.

இதே ஊரில் பிறந்து, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் துண்டு போட்டு விற்ற தோட்டங்களை, தொழிலாளர்களே பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு வாங்கட்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அத்தைக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவே மனம் வராது. அவர்கள் தலைமுறைக்கு நிலையான ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஈப்போவில் ஒரு தணிக்கை அலுவலகம். கணக்கு உதவியாளர் வேலை, அடிப்படையிலிருந்துதான் ஆரம்பம். மேலே இருக்கப்போகும் பெண் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அது எனக்குத் தடையில்லை, அவளிடம் கற்க நிறைய இருக்கிறது. சம்பளம், நல்ல மாதத்தில் நான் வீட்டிலிருந்து சம்பாதிப்பதைவிடக் குறைவு, மோசமான மாதத்தைவிட அதிகம். ஆனால் சம்பளத்தில் 11 விழுக்காட்டை நான் சேமநிதியில் போட்டால், முதலாளி 13 விழுக்காடு போடுவார். இப்போதும் நானாகச் சேமநிதியில் பணம் போடலாம்தான், அந்த 13ஐ யார் போடுவார்? எனக்கு வயது 44. இங்கே ஓய்வு வயது 60. பதினாறு ஆண்டு என்பது சின்னக் காலம் இல்லை அக்கா.

பயம் இல்லாமல் இல்லை. பழைய மைவி காரில் தினமும் போய்வர வேண்டும். என் கணவருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை, சின்னவள் பள்ளி விட்டு வரும்போது அத்தை மட்டும்தான் வீட்டில். சாயங்காலம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததுபோல இனி முடியுமா என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கணவர் "போய்ப் பார், மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஏப்ரல் மாதம் சேருகிறேன். இந்த வரிப் பருவத்தோடு கடைக் கணக்குகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிடுவேன்.

கணக்காளர் தகுதிக்கான ஏசிசிஏ பரீட்சை எழுதவும் ஆசை. மொத்தம் 13 தாள். பி.காமுக்குச் சிலது கழியும். அதற்கு என் பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் வேண்டும். அம்மாவின் பீரோவில் மேல்தட்டில், பச்சை பைலில் இருக்கும். அசலைப் படம் எடுத்து இப்போதே அனுப்பு, பிறகு கூரியரில் போடு, செலவை நான் அனுப்புகிறேன்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் தைத்தும் உன் பெயரில் ஒன்றும் சேரவில்லையே என்று யோசித்தேன். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் நீ பதிந்திருக்கிறாயா? அறுபது வயதுக்குள் பதிந்தால்தான் பிறகு ஓய்வூதியம் கேட்க முடியும். ஆதார், ரேஷன் அட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்கு இந்த வாரமே போ. தபால் ஆபீஸில் பி.பி.எஃப். என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கும் ஆரம்பி, ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே போதும், பதினைந்து ஆண்டில் முதிரும். முதல் வருஷத்துக்கு நான் போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை