தொப்பூரில் இறங்கக் கார்க்காரர்களுக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். சரக்கெடுக்க அடிக்கடி சேலத்துக்குக் காரில் போய் வருபவன். தொப்பூர் கணவாயில் விபத்து என்றாலே லாரிகளைப் பற்றித்தான் பேச்சு. கார் ஓட்டுகிற நாம் எப்படி இறங்குகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் முன்னால் போகிற காரைக் கவனியுங்கள். பல கார்களில் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு இரட்டைப் பாலம் வரை அணைவதே இல்லை. டாப் கியரிலேயே விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி இறங்குகிறார்கள். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. சூடேறிய பிரேக் அவசரத்துக்குப் பிடிக்காது. "ஏறின கியர்லயே இறங்கு, இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்" என்பது லாரிக்காரர்கள் கிளீனருக்குச் சொல்லிக் கொடுக்கும் பாலபாடம். கார்க்காரர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் விஷயமும் அப்படித்தான். 2019 ஏப்ரலில் இருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் அது கட்டாயம். முழுதாக அழுத்தினால் பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். பிரேக்கில் ஏதோ கோளாறு என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது, அழுத்திப் பிடித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகத்தான் அந்த வசதியே. இதைக் காலி மைதானத்தில் ஒருமுறை செய்து பார்த்தால்தான் கால் பழகும்.

ஆனால் நம் உரிமம் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது? நாற்பது வயதைத் தாண்டினால் டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள், சரி. காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் போய்விட்டால் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. கிராமத்துச் சாலையில் பழகியவர்தான் இன்று நான்குவழிச் சாலையில் எண்பதில் போகிறார். அந்த வேகத்தில் இரண்டு நொடியில் வண்டி 44 மீட்டர் ஓடிவிடும். முன் வண்டிக்கு அவ்வளவு இடைவெளி விடுகிறவரை எனக்குத் தெரிந்து விரல் விட்டு எண்ணலாம்.

பிரிட்டனில் அனுபவம் உள்ளவர்களுக்கான மேல்நிலை ஓட்டுநர் பயிற்சிக்கென்று 1956லேயே தனி அமைப்பு தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மைய விதிகளில், புதிதாகக் கற்பவர்களுக்கு 29 மணி நேரப் பாடத்தோடு, ஏற்கெனவே ஓட்டுகிறவர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகங்களும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் அதை இங்கே நடத்த முன்வர வேண்டும்.

ஒரே நாள் போதும். காலையில் மைதானத்தில் பிரேக் பயிற்சி. அப்புறம் அவரவர் காரிலேயே, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, தொப்பூரில் ஒரு முறை இறங்கி ஏறுவது. கட்டணம் வாங்கட்டும், தருகிறோம். ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் கடைக்காரர்களும் வர முடியும். முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம், அன்றைக்குக் கணவாயில் நெரிசல் அதிகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தருமபுரி